‘கட்டாயம் படியுங்கள்’ என்று சொன்ன புத்தகத்தை ஏன் யாரும் படிப்பதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். கடந்த சில மாதங்களில் படித்து ரசித்த நாவல்கள், ஒரு தன்வரலாறு, ஒரு கட்டுரைத் தொகுப்பு ஆகியவற்றைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அருமை’, ‘கட்டாயம் படியுங்கள்’ என்று குறித்து, வாசிப்பில் ஆர்வமுள்ள நண்பர்களிடம் பகிர்ந்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் நன்றி சொன்னதோடு சரி. எடுத்துப் படித்த ஒருவரும் பாதியில் மூடி வைத்துவிட்டார். அவர்கள் உங்களுக்குச் சொன்ன புத்தகங்களும் உங்களுக்கு ஒட்டவில்லை. ‘ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்றால், பரிந்துரைப்பதில் பொருள்தான் என்ன?’ என்று முடித்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. படித்ததைப் பிறருக்கு எப்படிச் சொல்வது என்பது ஒன்று; பிறர் சொல்வதிலிருந்து நமக்கானதை எப்படிப் பொறுக்குவது என்பது மற்றொன்று. முதலாவதைப் பற்றி அதிகமும் இரண்டாவதைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

நான் நூலக அறிவியல் படித்து, பொது நூலகத்தில் வாசகர்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். கீழே சொல்வதில் சில, படிப்பின் வழியாகவும் ஆய்வுகளின் வழியாகவும் வந்தவை. வேறு சில, மேசைக்கு எதிரே நின்றவர்களைக் கவனித்ததிலிருந்து நானாகக் கொண்ட கருத்துகள். இரண்டும் ஒரே எடை உள்ளவை ஆகா என்பதால், எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் இந்தக் கேள்விக்கான அடிப்படை 1931-லேயே போடப்பட்டுவிட்டது. எஸ். ஆர். ரங்கநாதன் அந்த ஆண்டில் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து நூலகத்துக்கு வந்தவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், இந்த விதிகளின் கச்சிதம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஐந்து விதிகளில் ஒன்றில்கூட ‘நல்ல நூல்’ என்ற பேச்சே வருவதில்லை. ஒரு நூலின் தரத்தை அவர் மறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தரம் வேறு, பொருத்தம் வேறு. நூலகத்தின் வேலை பொருத்தம் பார்த்துக் கொடுப்பது. உங்கள் பட்டியலில் விடுபட்டது இந்தப் பொருத்தம்தான் என்பது என் கருத்து. நீங்கள் புத்தகங்களைப் பார்த்துப் பேசினீர்கள். எதிரே இருந்தவர்களைப் பார்த்துப் பேசவில்லை.

மதிப்புரையும் பரிந்துரையும் ஒன்று என்று பலரும் எண்ணுவதால் வரும் குழப்பம் இது. மதிப்புரை நூலைப் பார்த்து நிற்கிறது. நூல் என்ன செய்ய முயன்றது, அதைச் செய்ததா, அதே துறையில் முன்பு வந்தவற்றோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று எடை போடுகிறது. அதை எழுத வாசகர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. பரிந்துரைக்கோ ஒரு குறிப்பிட்ட மனிதர் வேண்டும். அவருக்கும் அந்த நூலுக்கும் ஒத்துப்போகும் என்ற ஊகம்தான் பரிந்துரை. ஊகம் என்பதால் அது தவறவும் செய்யும். ‘அருமை’ என்ற சொல் இந்த இரண்டு வேலைகளில் எதையும் செய்வதில்லை. கடைசிப் பக்கத்தை மூடியபோது உங்கள் மனம் நிறைந்திருந்தது என்ற ஒரு செய்தியை மட்டுமே அது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உங்களை நன்கு அறிந்தவருக்கு அதில் கொஞ்சம் பயன் உண்டு. மற்றவருக்கு அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை.

அந்த ஊகத்தைச் செம்மைப்படுத்த நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘கடைசியாக ரசித்துப் படித்தது எது, அதில் என்ன பிடித்தது?’ என்பதுதான். ‘உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார்?’ என்று கேட்பதைவிட இது நல்ல பயன் தருகிறது. பிடித்த எழுத்தாளர் யார் என்றால் மனிதர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, சொல்லத்தக்க பெயர் ஒன்றைச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம். கடைசியாகப் படித்தது எது என்றால் உண்மையான விடை வருகிறது. அதைவிட முக்கியமானது, என்ன பிடித்தது என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் சொற்கள். ஒரே நாவலைத் திருப்பிக் கொடுக்க வரும் இருவரில் ஒருவர், ‘அந்த ஊரிலேயே இருந்துவிட்டு வந்தது போல இருந்தது’ என்பார். இன்னொருவர், ‘அந்தப் பெண்ணை மறக்கவே முடியவில்லை’ என்பார். இருவருக்கும் அடுத்துக் கொடுக்க வேண்டிய புத்தகம் ஒன்றாக இருக்க முடியாது.

இதை ஒழுங்குபடுத்தி எழுதியவர்கள் அமெரிக்க நூலகர்கள். ஜாய்ஸ் சாரிக்ஸ் தம் சக நூலகரோடு சேர்ந்து 1989-இல் வெளியிட்ட கையேடு, கதையின் விறுவிறுப்பு, பாத்திரங்கள், கதைப்போக்கு, பின்புலம் போன்ற கூறுகளை வைத்து ஒரு நூல் யாருக்கு ஒட்டும் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தது. நான்சி பேர்ல் இதையே நான்கு வாசல்கள் என்று எளிமையாக்கினார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொரு வாசகரும் இவற்றில் ஏதோ ஒரு வாசல் வழியாகவே நூலுக்குள் நுழைகிறார் என்பதும், அவருக்குரிய வாசல் அகலமாகத் திறந்திருக்கும் நூல்தான் அவரை உள்ளே இழுக்கும் என்பதும் அவர் கருத்து. பழக்கத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சோதித்து நிறுவிய கோட்பாடாக இதைக் கொள்ள வேண்டாம். மேசையில் உட்கார்ந்தவர்கள் தங்கள் கைப்பழக்கத்தைத் தொகுத்து வைத்த கருவி என்று கொண்டால் போதும். நாவலுக்கும் சிறுகதைக்கும் இது ஒத்துவருகிற அளவுக்குக் கவிதைக்கு ஒத்துவருவதில்லை. கட்டுரை நூல்களைப் பொறுத்தவரை, எழுதியவரின் குரலோடு நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்பதே முதன்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், குரல் எரிச்சலூட்டினால் நாற்பது பக்கம் தாண்டாது.

பொதுப்படச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு நாவலை எடுத்துக்காட்டுவது நல்லது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ பலரும் படித்த சிறிய நாவல் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ‘தமிழின் முக்கியமான நாவல், கட்டாயம் படியுங்கள்’ என்று சொன்னால் அது உண்மைதான். ஆனால் யாருக்கும் அதை எடுக்கக் கை வராது. களத்தின் வழியாக நுழைபவருக்கு நான் சொல்வது வேறு: குழாயில் தண்ணீர் வராத ஒரு நகரத் தெரு, குடத்தோடு வீடு வீடாக அலையும் பெண்கள், ஒரு குடம் தண்ணீருக்காகக் கெஞ்சலும் சண்டையும், அந்தத் தெருவை விட்டு நாவல் அதிகம் வெளியே போவதில்லை. பாத்திரத்தின் வழியாக நுழைபவரிடம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி நான் பேச்சே எடுப்பதில்லை. ஜமுனா, சாயா என்று அக்காள் தங்கை இருவர். சினிமா ஆசையைக் காட்டி ஜமுனாவின் வாழ்க்கையைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்ட பாஸ்கர் ராவ். அதைப் பொறுக்காமல் பிரிந்து போகும் சாயா. பக்கத்தில் குடியிருக்கும் டீச்சரம்மா, தன் வாழ்க்கையைச் சொல்லி ஜமுனாவை நிமிர வைக்கும் இடம் என்று சொல்வேன். மொழியை ருசிப்பவரிடம், இதில் ஆசிரியர் எந்த இடத்திலும் நம் தோளைத் தட்டி ‘இங்கே வருந்து’ என்று சொல்வதில்லை, சிறுசிறு வாக்கியங்களில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்பேன். மூன்றும் ஒரே நாவல்தான். மூன்றுமே உண்மையான விவரணைகள். நான்காவதாக வருபவர் அடுத்து என்ன நடக்குமோ என்று பக்கம் புரட்ட வைக்கும் கதைதான் வேண்டும் என்றால், அவருக்கு இதை நான் கொடுக்க மாட்டேன். அவருக்குக் கொடுக்காமல் இருப்பதும் அந்த நாவலுக்குச் செய்யும் மரியாதைதான்.

நூலின் நிறைகளைச் சொல்வதோடு, எந்த இடத்தில் தடுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மெடானிலும் மலேசியாவிலுள்ள பினாங்கிலும் நடக்கும் கதை. அதை எடுத்தவர்களில் கணிசமானோர் தொடக்கப் பக்கங்களிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். டச்சுக்காரர் வைத்த தெருப்பெயர்களும், மலாய்ச் சொற்களும், வட்டிக்கடைப் பேச்சும், யார் எவர் என்று புரியாத உரையாடல்களும் வரிசை கட்டி வருகின்றன. ‘முதல் சில அத்தியாயங்களில் எல்லாம் புரிய வேண்டும் என்று நிற்காதீர்கள், ஊர்ப்பெயர்களைக் காதில் போட்டுக்கொண்டு நடந்து போங்கள், பாண்டியன் என்ற மனிதன் பிடிபட்டதும் மற்றவை தாமாக வந்து உட்காரும்’ என்று சொல்லிக் கொடுக்கும்போது, அதே வாசகர் அந்த மேட்டைத் தாண்டிவிடுகிறார். இதற்கு என்னிடம் உள்ள சான்று என் கவனிப்பு மட்டுமே. காரணம் ஊகிக்க முடியாதது இல்லை. முன்பே சொல்லப்பட்ட தடை வரும்போது, புத்தகம் சொன்னபடி நடந்துகொள்கிறது என்று வாசகர் எண்ணுகிறார். சொல்லப்படாத தடை வந்தால், இது நமக்கானதில்லை என்று எண்ணிவிடுகிறார். உங்கள் நண்பர் பாதியில் மூடிய புத்தகத்தில் அப்படி ஓர் இடம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு அது தடையாகவே தோன்றாமல் போயிருக்கலாம்.

‘கட்டாயம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இல் முன்வைத்த ஒரு கோட்பாடு உண்டு. தன் தேர்வுரிமையை யாரோ பறிக்கிறார்கள் என்று ஒருவர் உணர்ந்தால், சொல்லப்பட்டதற்கு எதிர்த்திசையில் அவர் மனம் சாயும் என்பது அதன் சாரம். அதற்குப் பின் எத்தனையோ சூழல்களில் அது சோதிக்கப்பட்டு நிலைபெற்றுவிட்டது. ஆனால் அந்தச் சோதனைகள் புத்தகப் பரிந்துரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே உங்கள் நண்பர்கள் படிக்காததற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு காரணமாக இருக்கலாம். ‘கட்டாயம்’ என்பதை எடுத்துவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை என்பது மட்டும் உறுதி. அந்தச் சொல்லால் ஒரு புத்தகம் படிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

மிகைப் புகழ்ச்சிக்கு எதிராக இதைவிட நேரடியான சான்று இருக்கிறது. பலாஷ் கோவாச், அமண்டா ஷார்க்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குட்ரீட்ஸ் தளத்தில் வாசகர்கள் எழுதிய 38,000-க்கும் மேற்பட்ட மதிப்புரைகளை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பரிசு பெற்ற நூல்களையும், அதே பரிசின் இறுதிப் பட்டியல் வரை வந்து தவறிய நூல்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். பரிசு அறிவிக்கப்பட்ட பின்பு, வென்ற நூலுக்கு வரும் வாசகர் எண்ணிக்கை கூடியது. அதே சமயம் அதற்குக் கிடைத்த மதிப்பெண், தவறிய நூலோடு ஒப்பிடும்போது, இறங்கியது. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிக்க வந்தவர்கள் மாறினார்கள். அந்த வகை எழுத்தில் இயல்பான நாட்டம் இல்லாதவர்களையும் பரிசு இழுத்து வந்துவிட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. பரிசுக்கே இந்தக் கதி என்றால், எல்லோரையும் பார்த்து நாம் எழுப்பும் ‘அருமை, அருமை’ என்ற கூவலும், தன் அளவில், பொருந்தாத வாசகர்களைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு நூலை அதன் வாசகரல்லாதவரிடம் தள்ளிவிட்டு, அவர் வாயால் ‘ஒன்றுமில்லை’ என்று கேட்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அதே குட்ரீட்ஸ் தளத்தில் ஒரு நட்சத்திரம் என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்தது என்றுதான் பொருள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மூன்று நட்சத்திரத்தைக் கண்டால் நம்மில் பலர் ‘சுமார்’ என்று கடந்துபோகிறோம். கொடுப்பவர் ஓர் அளவுகோலிலும் பார்ப்பவர் இன்னோர் அளவுகோலிலும் இருக்கும்போது, சராசரி எண் எதைக் காட்டும்? ஆயிரக்கணக்கானோர் மதிப்பிட்ட நூலில் அது பெருவாரியான விருப்பத்தை ஓரளவு காட்டலாம். பத்துப் பதினைந்து பேர் மட்டும் மதிப்பிட்ட நூலில் அது பெரும்பாலும் அந்தப் பத்துப் பேரின் நட்பையோ பகையையோதான் காட்டுகிறது. தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை என்பதால், தமிழ் நூலுக்கு நட்சத்திரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் அறவே விட்டுவிட்டேன். எழுதியிருக்கும் வாக்கியங்களைப் படிக்கலாம். குறிப்பாக, பிடிக்கவில்லை என்று எழுதியவரின் காரணங்களைப் படிக்கலாம். ‘கதை நகரவே இல்லை, முழுக்க ஊர் வருணனை’ என்று ஒருவர் குறைப்பட்டிருந்தால், களத்தின் வழியாக நுழையும் வாசகருக்கு அதைவிட நல்ல பரிந்துரை கிடையாது.

இணையக் கடைகள் தாமாக எடுத்துக்காட்டும் ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. அமேசானின் பொறியாளர்கள் 2003-இல் தங்கள் முறையை விளக்கி எழுதிய கட்டுரையைப் படித்தால், அதன் உள்வேலை சிக்கலானதாகத் தோன்றாது. எந்தப் பொருள்கள் ஒரே வாடிக்கையாளர்களால் வாங்கப்படுகின்றன என்று எண்ணி, ஒன்றை எடுத்தவருக்கு அதன் கூட்டாளியைக் காட்டுவதுதான் அடிப்படை. ஏன் வாங்கினார்கள் என்பது அந்த முறைக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தொடர் நாவலின் அடுத்த பாகம், அதே எழுத்தாளரின் மற்றொரு நூல் என்று பக்கத்து வீடு வரை அது நன்றாகக் கூட்டிப்போகும். போர்க்கால நாவல் படித்தவரை ஒரு பயண நூலுக்கோ ஒரு சமையல்காரரின் தன்வரலாற்றுக்கோ தாவச் செய்ய, அவர் ரசித்தது போரை அன்று, வேற்றூரில் பிழைக்கும் மனிதர்களை என்று கண்டுகொள்ள வேண்டும். இன்றைய பரிந்துரைப் பொறிகள் அன்றைய முறையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. நூலின் உள்ளடக்கத்தையும் கணக்கில் எடுக்கின்றன. இருந்தாலும், எதிரே இருப்பவரிடம் ‘அதில் என்ன பிடித்தது?’ என்று கேட்டு, அவர் தயங்குவதையும் கவனித்துச் சொல்லும் நண்பரின் இடத்தை அவை இன்னும் பிடித்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கதையை எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதில் உறுதியான விடை கிடையாது. இதை ஐயத்துக்குரிய பகுதியிலேயே வைக்கிறேன். 2011-இல் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் செய்த சோதனையில், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள், தெரியாமல் படித்தவர்களைவிட அதிகமாக ரசித்ததாக வந்தது. அது செய்தித்தாள்களில் பரவலாகப் பேசப்பட்டது. 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறிருவர் செய்த சோதனையில் பொதுவாக அதற்கு எதிரான முடிவு வந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இரண்டுமே சிறுகதைகளை வைத்துச் செய்தவை. பல நாள் கூடவே வைத்துப் படிக்கும் நாவலுக்கு இந்த முடிவுகள் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே என் வழக்கத்தை மட்டும் சொல்கிறேன்: நூலின் முதற்கால் பகுதிக்குள் நடப்பதைத் தயங்காமல் சொல்வேன், அதற்கு மேல் போவதானால் ‘சொல்லட்டுமா?’ என்று கேட்டுவிடுவேன். துப்பறியும் கதையானால் முதற்கால் பகுதியையும் பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

பட்டியலின் நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியல்களை நான் இகழ்பவன் அல்லன். எழுத்தாளரும் விமர்சகருமான க.நா.சு. பட்டியல் போட்டுப் போட்டே ஒரு தலைமுறையைப் படிக்க வைத்தவர். அதற்காக வசை வாங்கியவரும்கூட. ஆனால் அவர் பட்டியலோடு நின்றுவிடவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற தலைப்பில் தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு நூலுக்கு ஒரு கட்டுரை என்று உட்கார்ந்து எழுதினார். நீண்ட பட்டியல், பல ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது திருப்பிப் பார்ப்பதற்கு உதவும். இன்று மாலை எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று நிற்பவருக்கு அது உதவாது. அவருக்கு இரண்டு அல்லது மூன்று போதும். ஒன்று அவர் ஏற்கெனவே ரசித்ததற்கு மிக அருகில் இருக்கட்டும். இன்னொன்று ஓரடி தள்ளி இருக்கட்டும். மூன்றாவது வேண்டுமானால், அவர் தாமாக எடுக்கவே மாட்டார் என்று நீங்கள் நினைக்கும் ஒன்றாக இருக்கலாம். மேசையில் நான் கண்டவரை, மூன்றாவதை எடுப்பவர்கள் குறைவு. எடுத்தவர்கள்தான் திரும்பி வந்து அதிக நேரம் பேசுகிறார்கள்.

படித்து முடித்த அன்றே பகிர்வதா, ஆறப்போட்டுப் பகிர்வதா என்பதற்கும் ஒரே விடை இல்லை. முடித்த அன்று விவரங்கள் கையில் இருக்கும், நிதானம் இருக்காது. ஒரு மாதம் கழித்து நிதானம் வந்திருக்கும், பாத்திரங்களின் பெயர்கூட மறந்திருக்கும். முடித்த அன்றே மூன்று வரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்த வாசல் வழியாக நுழைந்தேன், எங்கே தடுத்தது, யாரை நினைத்துக்கொண்டேன். கடைசிக் கேள்விதான் பரிந்துரைக்கான விதை. பக்கத்தைப் புரட்டும்போதே ஒரு நண்பரின் முகம் நினைவுக்கு வந்திருந்தால், எல்லோருக்கும் பொதுவாக அறிவிப்பதை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் எழுதுங்கள். ‘இதில் வரும் பெரியப்பாவைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது, நடுவில் ஐம்பது பக்கம் நிலத் தகராறு இழுத்துக்கொண்டே போகிறது, அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்ற இரண்டு வரி, பட்டியலில் எழுதும் நூறு புகழ்ச்சொற்களைவிடப் படிக்க வைக்கும். எல்லோருக்கும் பொதுவாகத்தான் பகிர வேண்டும் என்றால், யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாக்கியமாவது சேருங்கள். சமீபத்தில் படித்ததில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் காரணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வெறுப்பு தெரிந்தால்தான் உங்கள் விருப்பத்தின் அளவு மற்றவர்களுக்குப் பிடிபடும். துப்பறியும் கதையையும் வாரப் பத்திரிகைத் தொடரையும் ரசித்திருந்தால் அவற்றை மறைத்துவிட்டு, கனமான நூல்களை மட்டும் காட்ட வேண்டாம்; அப்படி வடிகட்டிய பட்டியல்களைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இனி, பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் பக்கம். புத்தகத்தைத் தேடுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள். இலக்கிய அறிவு மிகுந்தவர்தான் வேண்டும் என்பதில்லை. சொல்வது ஒரே சீராக இருப்பவர் போதும். அவர் புகழ்ந்தால் நமக்குப் பிடிக்காது என்று திட்டமாகத் தெரிகிற ஒருவரும் நல்ல வழிகாட்டிதான். எடுத்த புத்தகம் ஒட்டவில்லை என்றால் எத்தனை பக்கம் பொறுப்பது என்பதற்கு நான்சி பேர்ல் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை 50 பக்கம். அதற்கு மேற்பட்டவர்கள் 100-இலிருந்து தம் வயதைக் கழித்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்காரர் 30 பக்கம் பொறுத்தால் போதும். இது பாதி வேடிக்கை; இருந்தாலும் பலரின் குற்ற உணர்வைக் குறைத்திருக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளை எழுதியபோது, புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மெதுவாகத் திறக்கும் நூல்களுக்கு 50 பக்கக் கணக்கு அநியாயம் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான், தடுக்கும் இடத்தை முன்பே சொல்லிவிடுங்கள் என்று மேலே வற்புறுத்தினேன்.

ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். துக்கத்திலோ நோயிலோ மனச்சோர்விலோ இருக்கும் நண்பருக்கு ‘இதைப் படித்தால் சரியாகிவிடும்’ என்று புத்தகம் கொடுப்பதைப் பற்றிச் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. புத்தகங்களைத் துணையாகக் கொண்ட சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அவை அதற்கெனப் பயின்றவர்களின் வேலை. நூலகரின் பயிற்சி அங்கே முடிந்துவிடுகிறது. நண்பராக நீங்கள் செய்யக்கூடியது, அவர் கேட்டால் கொடுப்பது, கேட்கும் வரை காத்திருப்பது.

உங்கள் நண்பர் பாதியில் நிறுத்திய புத்தகத்துக்குத் திரும்புகிறேன். ‘ஏன் முடிக்கவில்லை?’ என்று கேட்டால் அவர் சாக்குச் சொல்வார். ‘எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் மறைக்காமல் விடை சொல்வார். அந்த இடத்தைத் திறந்து, அதற்கு முந்தைய பத்துப் பக்கங்களில் கதை நகர்கிறதா, ஊர் விரிகிறதா, யாராவது யோசித்துக்கொண்டே இருக்கிறார்களா என்று நீங்களே ஒருமுறை படியுங்கள். அவர் எந்த வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு, உங்கள் பட்டியலில் மிச்சமுள்ளவற்றில் எது அவருக்கு என்று தேர்ந்தெடுப்பது கடினமாக இருக்காது. ஒன்றும் பொருந்தவில்லை என்றால், அவர் நிறுத்திய இடத்தையும், அதற்கு முன் அவர் ரசித்த ஒரு நூலின் பெயரையும் இங்கே எழுதுங்கள். நானும் யோசித்துப் பார்க்கிறேன், என்னைவிட அதிகம் படித்தவர்களும் இங்கே இருக்கிறார்கள்.